நெகட்டிவ் குஞ்சு, பாசிட்டிவ் குளம்: ஓர் இறால் பண்ணையாளருக்குப் பதில்

கேள்வி: மூன்று குளங்களில் வெனாமி இறால் வளர்க்கிறேன். போன கல்ச்சரில் குஞ்சு விடும் முன் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 30 குஞ்சுகள் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தோம். இரண்டும் நெகட்டிவ். எஸ்.பி.எஃப். (குறிப்பிட்ட கிருமிகள் இல்லாத) தாய் இறாலின் குஞ்சு என்று சான்றும் தந்தார்கள். 45 நாள் வரை எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் நாலு நாள் விடாத மழை, குளிர். தீவனம் எடுப்பது குறைந்தது. கரையோரம் இறால் சாகத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் ஒரு குளம் முழுவதும் போய்விட்டது. வெள்ளைப்புள்ளி வைரஸ் என்றார்கள். பக்கத்துப் பண்ணையிலும் பாசிட்டிவ்தான் வந்தது, ஆனால் அவர் அறுவடை வரை ஓட்டிவிட்டார். எனக்குச் செய்த முதல் சோதனை பொய்யா? முப்பது வருஷமாக ஆராய்கிறார்களே, ஒரு மருந்தோ தடுப்பூசியோ ஏன் வரவில்லை? தீவனத்தில் கலக்கும் ‘வைரஸ் தடுப்பு’ பவுடர் ஒன்றை வாங்கச் சொல்லி ஒருவர் நச்சரிக்கிறார். வாங்கலாமா? இல்லை, இறாலை விட்டுவிட்டு நண்டுக்கே போய்விடலாமா?

பதில்: வணக்கம். ஒரு குளம் முழுதாகப் போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதனால் ஆறுதல் சொல்லி நேரத்தைப் போக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் சோதனை பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆய்வகம் சரியாகவே செய்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் எழுதியிருந்தது ‘இந்த 30 குஞ்சில் வைரஸ் தென்படவில்லை’ என்பதுதான். அதை நீங்கள் ‘வாங்கிய குஞ்சு எதிலும் வைரஸ் இல்லை’ என்று படித்துவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள். விற்பவர்களும் அப்படிப் படிக்கும்படியே கொடுக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளத்துக்கு 3 லட்சம் குஞ்சு வாங்கினீர்கள், அதில் நூற்றுக்கு ஒன்றில் வைரஸ் இருக்கிறது என்று வையுங்கள். 3,000 குஞ்சுகள் வைரஸைச் சுமந்துகொண்டு உங்கள் குளத்துக்குள் இறங்குகின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து 30 குஞ்சை எடுத்தால், முப்பதுமே சுத்தமானவையாக அமைய 74 சதவீதம் வாய்ப்பு உண்டு. இரண்டு முறை எடுத்தாலும், அதாவது மொத்தம் 60 குஞ்சு, இரண்டும் நெகட்டிவ் வர சுமார் 55 சதவீதம் வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். 150 குஞ்சு எடுத்து அத்தனையும் நெகட்டிவ் என்றால், ‘பாதிப்பு 2 சதவீதத்துக்குள்தான்’ என்று 95 சதவீத உறுதியுடன் சொல்லலாம். 1 சதவீதம் வரை இறங்கிப் பார்க்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 300 குஞ்சு வேண்டும். இதெல்லாம் சோதனை கொஞ்சமும் பிசகாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. தொற்றின் தொடக்கத்தில் ஒரு குஞ்சின் உடம்பில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தால், அந்தக் குஞ்சே கையில் வந்தாலும் கருவிக்குத் தெரியாமல் போகலாம்.

அடுத்த முறை இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஒன்று, எண்ணிக்கையை 150க்கு உயர்த்துங்கள். தனித்தனியாகச் சோதிக்க வேண்டாம், சேர்த்து அரைத்துப் பார்க்கலாம். எத்தனை குஞ்சுகளை ஒரு தொகுப்பாகச் சேர்ப்பது என்பதை ஆய்வகமே சொல்லட்டும். இரண்டு, நல்ல குஞ்சாகப் பார்த்து அள்ளாதீர்கள். தொட்டியின் அடியில் கிடப்பது, நீந்தச் சிரமப்படுவது, சோர்ந்தது, இவற்றையும் தேடி எடுங்கள். வைரஸ் இருந்தால் அங்கேதான் கண்ணில் படும். குஞ்சு பொரிப்பகத்துக்காரர் தாமாக எடுத்துத் தரும் மாதிரியை நான் சோதனையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

ஆய்வகத்திடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த உறுப்பை எடுக்கிறீர்கள்? இறாலின் கண்ணில் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால், பெரிய குஞ்சுகளில் கண்ணை நீக்கிவிட்டுத்தான் அரைக்க வேண்டும். வளர்ந்த இறாலில் வெள்ளைப்புள்ளி வைரஸுக்குச் செவுளும் நீந்து கால்களும் ஏற்றவை. கல்லீரல் போலிருக்கும் அந்தப் பழுப்பு உறுப்பு இதற்கு ஏற்றதல்ல. அந்த வைரஸ் அதன் குழாய்ச் செல்களைத் தாக்குவதில்லை. ஆனால் இ.ஹெச்.பி. பார்க்க வேண்டுமானால் அதே உறுப்புத்தான் தேவை. (இ.ஹெச்.பி. வைரஸே இல்லை, பூஞ்சை வகையைச் சேர்ந்த ஒட்டுண்ணி. அதற்கும் ‘வைரஸ் மருந்து’ விற்கிறார்கள் என்பது தனிக்கதை.) முடிவில் வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று வாங்காமல், ரியல்டைம் பி.சி.ஆர். வசதி இருந்தால் சி.டி. எண்ணையும் கேட்டு வாங்குங்கள். எண் சிறிதானால் வைரஸ் அதிகம் என்று பொருள்.

எஸ்.பி.எஃப். சான்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பட்டியலில் உள்ள குறிப்பிட்ட கிருமிகள் இல்லாத, மூடிய வளாகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சோதித்து வளர்த்த இறால் என்பதுதான் அதன் பொருள். நோயை எதிர்க்கும் என்று பொருளல்ல. எதிர்ப்புள்ள இனங்களுக்கு வேறு பெயர், வேறு தேர்வு முறை. வளாகத்தை விட்டு வெளியே வந்த நிமிடமே அந்தத் தகுதியும் போய்விடும். அப்படிப்பட்ட தாய் இறாலைக் கொண்டுவந்து, கடலோரச் சேற்றில் தோண்டிய புழுக்களை உயிரோடு தீவனமாகப் போட்டால், புழுவின் வயிற்றில் இருக்கும் வைரஸ் தாய்க்கும், தாயிடமிருந்து குஞ்சுக்கும் போகும். சான்று என்னவோ அப்படியேதான் இருக்கும்.

இவ்வளவும் சொன்னதால் சோதனையே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 1990-களின் இறுதியில் தாய்லாந்தில் குளங்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நெகட்டிவ் குஞ்சு விட்ட குளங்களில் பெரும்பாலானவை அறுவடையைப் பார்த்தன. பாசிட்டிவ் குஞ்சு விட்டவற்றில் பாதிகூடத் தேறவில்லை. குஞ்சு என்பது ஒரு வாசல். அதை அடைத்தால் மற்ற வாசல்கள் தானாக அடைபடாது, அவ்வளவுதான்.

அந்த மற்ற வாசல்கள்தான் உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம். 1992 வாக்கில் தைவானிலும் சீனாவிலும் முதலில் கவனிக்கப்பட்ட இந்த வைரஸ் பத்தே ஆண்டுகளில் இறால் வளர்க்கும் நாடுகளில் பெரும்பாலானவற்றை எட்டிவிட்டது. அதற்கு முக்கியக் காரணம், எந்த ஓட்டுயிரியின் உடம்பாக இருந்தாலும் தங்கிவிடும் அதன் குணம். இறால், நண்டு, சிங்கி இறால், நன்னீர்க் கிரேஃபிஷ் என்று பத்துக்கால் ஓட்டுயிரிகள் எல்லாமே இதற்கு இடம் கொடுக்கும். குளத்து நீரில் நீந்தும் கண்ணுக்குத் தெரியாத கோப்பிபாடுகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் கரையில் வளை தோண்டி வாழும் நண்டு நோயே இல்லாமல் வாரக்கணக்கில் இதைச் சுமந்து திரியும். இரவில் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு நடந்து போகும்.

சேற்றையும் மறந்துவிடக் கூடாது. குளத்தைக் காயவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்புகிறோம். வெயிலில் காயவைத்த குளத்துச் சேற்றிலும் 19 நாள் வரை இந்த வைரஸ் தொற்றும் திறனோடு இருந்ததை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தண்ணீர் தேங்கிய சேற்றில் 35 நாள். பத்து நாள் காயவிட்டு அடுத்த குஞ்சை விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாறாக, ஓட்டுயிரி எதுவும் இல்லாத குளத்து நீரில் மிதக்கும் வைரஸ் மூன்று நான்கு நாளில் வலுவிழந்துவிடுகிறது. அதனால்தான் தண்ணீரைத் தேக்கக் குளத்தில் நிறுத்தி வைக்கச் சொல்கிறோம்.

பறவைகள் மேல் பழி போடுவது வழக்கம். கடற்காகங்களுக்கு நோயுற்ற இறாலைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளைப்புள்ளி வைரஸ் அவற்றின் குடலைத் தாண்டி உயிரோடு வரவில்லை. இறாலைத் தாக்கும் இன்னொரு வைரஸான டாரா வந்தது. ஆகவே உங்கள் பிரச்சினையில் பறவையின் எச்சத்தைவிட அதன் அலகுதான் ஆபத்து: ஒரு குளத்தில் செத்த இறாலைக் கொத்திக்கொண்டு போய் அடுத்த குளத்தில் தவறவிடும். கரைக்கு மேல் நூல் கட்டுவது அதற்காகத்தான்.

குளத்துக்குள் வந்தபின் வைரஸ் பரவும் முக்கிய வழி தண்ணீர்கூட இல்லை, இறாலின் வாய். செத்ததையும் சாகப்போவதையும் மற்றவை தின்கின்றன. கரீபியக் கடலின் முள் சிங்கி இறாலைத் தாக்கும் பி.ஏ.வி.1 என்றொரு வைரஸ் உண்டு. அங்கே நோய் பிடித்த சிங்கி இருக்கும் பொந்துக்குள் நல்ல சிங்கிகள் நுழைவதையே தவிர்க்கின்றன. அது மற்றவற்றுக்கு நோயைப் பரப்பும் நிலைக்கு வரும் முன்பே கண்டுகொண்டு விலகுகின்றன என்று 2006-ல் எழுதினார்கள். நம் வெனாமிக்கு அந்தப் புத்தி கிடையாது. செத்த இறாலை விடியற்காலையில் பொறுக்கி எடுப்பதை விட மலிவான வைரஸ் மருந்து எனக்குத் தெரியவில்லை.

சரி, பக்கத்துப் பண்ணை எப்படித் தப்பியது? உங்கள் கடிதத்திலேயே சுவையான கேள்வி இதுதான். இந்தத் துறையில் பல ஆண்டு வாதங்கள் இதைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

வைரஸ் உடம்பில் இருப்பது வேறு, நோய் வருவது வேறு. இரண்டுக்கும் நடுவே வெப்பம், மன்னிக்கவும், தண்ணீரின் வெப்பம் ஒரு பெரிய பூட்டாக நிற்கிறது. வெனாமிக்கு வெள்ளைப்புள்ளி வைரஸைக் கொடுத்து, ஒரு கூட்டத்தை 26 டிகிரி அளவிலும் இன்னொன்றை 32 டிகிரியிலும் வைத்துப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரில் இருந்தவை செத்தன. சூடான நீரில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. வைரஸ் போய்விடவில்லை, பெருகாமல் அடங்கியிருந்தது. உங்கள் குளத்தில் 45 நாள் அமைதியும் நாலு நாள் மழையும் இந்தக் கதையோடு சரியாகப் பொருந்துகின்றன. வைரஸ் மழையோடு வந்திருக்கலாம். அதைவிட, முன்பே இருந்து மழைக்காகக் காத்திருந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மழை வெப்பத்தை மட்டும் குறைக்கவில்லை; உவர்ப்பும் சட்டென்று இறங்கியது, பாசி மடிந்து ஆக்சிஜனும் குறைந்திருக்கும்.

பக்கத்துக் குளம் உங்களுடையதைவிட ஆழமாக இருந்திருக்கலாம், நெருக்கம் குறைவாக இருந்திருக்கலாம், வைரஸ் வயதான இறாலில் தாமதமாக நுழைந்திருக்கலாம். அவரிடம் அந்த நாட்களின் காலை வெப்ப அளவும், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை குஞ்சு விட்டார் என்பதும் குறித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் என்ன மருந்து போட்டார் என்று கேட்பதைவிட அது பயன்படும்.

இதற்குள் இன்னும் ஆழமான ஒரு விஷயமும் இருக்கிறது. தாய்லாந்தில் பணியாற்றிய டிமோத்தி ஃபிளெகல் 1990-களின் இறுதியில் ஒரு கருத்தை முன்வைத்தார். இறாலும் மற்ற ஓட்டுயிரிகளும் வைரஸை விரட்டுவதில்லை, அதோடு ஒத்துப்போகக் கற்றுக்கொள்கின்றன என்பது அதன் சாரம். தாய்லாந்தின் டைகர் இறாலை 1990-லிருந்து தாக்கிய மஞ்சள் தலை நோய், வைரஸ் அங்கேயே இருக்கும்போதே, சில ஆண்டுகளில் பழைய கொடுமையை இழந்ததை அவர் சுட்டினார். எப்படி ஒத்துப்போகின்றன என்பதற்குப் பின்னால் வந்த விளக்கம் வியப்பானது: வைரஸின் துணுக்குகளை இறால் தன் சொந்த டி.என்.ஏ.வுக்குள் ஒட்டி வைத்துக்கொள்கிறது, அந்தத் துணுக்கைப் பார்த்து வைரஸை அடையாளம் கண்டு அடக்குகிறது. எல்லாத் துணுக்கும் காப்பாற்றுவதில்லை. ஆனால் காப்பாற்றும் துணுக்குகள் பிள்ளைகளுக்கும் போகும் என்றால், இனப்பெருக்கத் தேர்வில் அவற்றைப் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் இப்போது வேலை நடக்கிறது.

இதன் பக்கவிளைவு ஒன்று பண்ணையாளரையும் தொடுகிறது. ஐ.ஹெச்.ஹெச்.என்.வி. என்ற சிறிய வைரஸின் துணுக்குகள் டைகர் இறாலில் சில இனங்களின் மரபணுவிலேயே ஒட்டியிருக்கின்றன. வைரஸே இல்லாத இறால் அதனால் பி.சி.ஆரில் பாசிட்டிவ் காட்டும். இதைப் பிரித்துக் காட்டத் தனிச் சோதனை உண்டு. டைகர் வளர்ப்பவர்கள் இந்த வைரஸுக்குப் பாசிட்டிவ் என்று கேட்டதும் குஞ்சைக் கொட்டிவிடாமல் அந்தச் சோதனையைக் கேட்க வேண்டும். வெள்ளைப்புள்ளிக்கு இந்தச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அதில் பாசிட்டிவ் என்றால் அந்தக் குஞ்சு வேண்டாம்.

இனி மருந்து, தடுப்பூசி. முப்பது வருஷம் என்ன செய்தார்கள் என்ற உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் இறாலின் உடம்பைத் தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் தணியும். நமக்குப் போடும் தடுப்பூசி, கிருமியை ஒருமுறை காட்டி எதிரணுக்களை (ஆன்டிபாடிகளை) பல ஆண்டு நினைவில் வைக்கச் செய்கிறது. இறாலுக்கு எதிரணு கிடையாது. அந்த வகை நினைவும் கிடையாது. வைரஸின் மேலுறையில் உள்ள வி.பி.28 என்ற புரதத்தை ஊசியாகவோ தீவனத்திலோ கொடுத்தால் சில வாரங்களுக்குப் பாதுகாப்புக் கிடைப்பதைப் பல ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. சில வாரத்துக்குமேல் அது நிற்பதில்லை.

2004–05-ல் வைரஸின் மரபணுவை முடக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஊசியாகப் போட்டால் இறால் வைரஸைத் தாங்குகிறது என்று தெரிந்தபோது எங்கள் துறையில் பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆய்வகத்தில் அது உண்மையாகவே வேலை செய்கிறது. ஆனால் 3 லட்சம் இறாலுக்கு யார் ஊசி போடுவது? தீவனத்தில் கலந்தால் தண்ணீரிலும் குடலிலும் சிதைகிறது. பாக்டீரியாவுக்குள், பாசிக்குள், நுண்துகளுக்குள் வைத்துக் கொடுக்கும் முயற்சிகள் தொடர்கின்றன. வருங்காலத்தில் ஏதாவது வரும் என்றால் இந்தப் பக்கமிருந்துதான் வரும் என்பது என் கணிப்பு.

இன்னொரு முட்டுக்கட்டை வெளியே அதிகம் பேசப்படாதது. மனித வைரஸையோ மீன் வைரஸையோ ஆராய, கண்ணாடிப் பாத்திரத்தில் ஓயாமல் பெருகும் செல்கள் கிடைக்கின்றன. அதில் வைரஸை வளர்க்கலாம், மருந்தைச் சோதிக்கலாம். இறால் செல்களை அப்படி ஓயாமல் பெருகவைத்து, எல்லா ஆய்வகங்களும் நம்பிப் பயன்படுத்தும் ஒரு செல் வரிசை இன்னும் கைக்கு வரவில்லை. கடல்வாழ் முதுகெலும்பற்ற உயிர்களின் செல் வளர்ப்பில் ஒரு பழைய ஏமாற்றம் உண்டு: ‘செல்கள் பெருகுகின்றன’ என்று மகிழ்ந்தபின், பெருகியது அந்த உயிரின் செல் அல்ல, உள்ளே புகுந்த வேறொரு கடல் நுண்ணுயிர் என்று தெரியவரும். அதனால் நாங்கள் ஒவ்வொன்றுக்கும் உயிருள்ள இறாலையே தொட்டியில் வைத்துத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது. மெதுவாகத்தான் நகரும். வைரஸும் சின்னதல்ல; 2001-ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தபோது சுமார் 3 லட்சம் எழுத்துக்கள் இருந்தன, அதிலிருந்த மரபணுக்களில் பெரும்பாலானவை அதுவரை எந்த உயிரிலும் கண்டவற்றை ஒத்திருக்கவில்லை.

தோல்வி மட்டும்தானா என்றால், இல்லை. 1992-ல் ஈக்வடாரின் டாரா ஆற்று முகத்துவாரத்துப் பண்ணைகளில் இறால்கள் செத்தபோது, மேலேயுள்ள வாழைத் தோட்டங்களில் தெளித்த பூஞ்சைக்கொல்லிதான் காரணம் என்று பெரிய சண்டை நடந்தது. சில ஆண்டுகளில், அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு அது வைரஸ் என்று நிறுவியது. காரணம் தெரிந்ததும், பிழைத்த இறால்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து டாரா வைரஸைத் தாங்கும் வெனாமி இனங்களை உருவாக்கினார்கள். இன்று டாரா நோயைப் பற்றி நீங்கள் கேள்விப்படாததற்கு அந்தத் தேர்வும் ஒரு காரணம். வெள்ளைப்புள்ளிக்கு அதே வழி எளிதில் கைகொடுக்கவில்லை. தாங்கும் குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் அளவு மிகக் குறைவு. தாங்கும் இனம் என்று சில விற்கப்படுகின்றன. அவை வைரஸைச் சுமந்தபடி பிழைப்பவையாகவும் இருக்கலாம் என்பதை மறக்காமல் வாங்க வேண்டும்.

பவுடருக்கு வருகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் பீட்டா குளூக்கான், வைட்டமின் சி, ஏதாவது மூலிகைச் சாறு இவற்றின் கலவையாக இருக்கும். இவை கெடுதல் செய்வதில்லை, தொட்டிச் சோதனைகளில் சாவு விகிதத்தை ஓரளவு குறைத்ததாகக் கட்டுரைகளும் உண்டு. ஆனால் ஒரு தொட்டியில் இருபது இறாலை வைத்து அளவாக வைரஸ் கொடுத்துப் பார்ப்பதும், மழையில் நனையும் உங்கள் குளமும் ஒன்றல்ல. விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒரே பண்ணையில், ஒரே குஞ்சை விட்ட குளங்களில், பாதிக்குப் போட்டு பாதிக்குப் போடாமல் வைத்து, இரண்டின் கணக்கையும் காட்ட முடியுமா? ‘போட்ட இடத்திலெல்லாம் நல்ல அறுவடை’ என்பது பதில் அல்ல. அந்தப் பவுடருக்குள் ஆன்டிபயாடிக் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வைரஸை அது தொடாது, ஆனால் அறுவடையில் அதன் எச்சம் தெரிந்து சரக்குத் திரும்பிவரும். என் யோசனை, அந்தப் பணத்தை நண்டு வேலிக்கும் தேக்கக் குளத்துக்கும் போடுங்கள்.

அடுத்த குஞ்சு விடும் முன் செய்ய வேண்டியவற்றில் குளோரினைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. மடையில் 250 மைக்ரான் வலைப்பை கட்டித் தண்ணீரை எடுத்து, 30 பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு 30 பங்கு) குளோரின் போடச் சொல்வது வழக்கம். அந்த 30 என்பது பவுடரின் எடை அல்ல, அதற்குள் செயல்படும் குளோரினின் அளவு. ஒரு ஹெக்டேர், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 10,000 கன மீட்டர் தண்ணீர். அதற்கு 300 கிலோ குளோரின் வேண்டும். ப்ளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் 1,000 கிலோ பவுடர். திறந்து கிடந்த பழைய மூட்டையில் அந்த 30 சதவீதம் இருக்காது. இன்னொன்று, சுண்ணாம்பை முதலில் போட்டுவிட்டுக் குளோரின் போடாதீர்கள். பி.ஹெச். ஏறிவிட்டால் குளோரினின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். குளோரின் முதலில், சுண்ணாம்பு பிறகு. போட்டபின் நான்கு நாளாவது நிறுத்தி, குளோரின் முழுதும் நீங்கியதைக் கிட் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குஞ்சு.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: கரையைச் சுற்றி நண்டு ஏற முடியாத வழுவழுப்பான வேலி, வளைகளை அடைப்பது, ஒவ்வொரு குளத்துக்கும் தனி வலை, தனி வாளி. தூண்டிலுக்கும் தீவனத்துக்கும் உறைய வைத்த இறாலைப் பண்ணைக்குள் கொண்டுவராதீர்கள். உறைபனியில் இந்த வைரஸ் சாவதில்லை. நன்னீர் இறாலையோ கிரேஃபிஷையோ வெனாமியோடு ஒரே பண்ணையில் கலந்து வளர்க்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சீனாவில் கண்டறியப்பட்ட டி.ஐ.வி.1 என்ற புதிய வைரஸ் இந்த மூன்றையும் தாக்கும்.

குளிர் மழை வருகிறது என்று தெரிந்தால் முதல் நாளே தீவனத்தைக் குறையுங்கள், ஏரேட்டரை இரவு முழுக்க ஓட்டுங்கள், மேலே தேங்கும் மழைநீரை மேல்மட்டத்திலேயே வடித்துவிடுங்கள். அந்த நாட்களில் செக் டிரேயை (தீவனம் எடுப்பதைப் பார்க்கும் தட்டை) வழக்கத்தைவிட அடிக்கடி தூக்கிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். வெனாமி பல நேரம் புள்ளியே இல்லாமல் சாகும். சில பாக்டீரியாவாலும் நீரின் காரத்தன்மையாலும் நோயில்லாமலே புள்ளி வரும். கரையோரம் ஒதுங்குவது, உடல் சிவப்பது, தீவனம் சட்டென்று நிற்பது, இவற்றைப் பார்த்ததும் மாதிரியை அனுப்புங்கள்.

உறுதியானால் மடையை அடைத்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகக் கூடாது. இறால் விற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தால், தண்ணீரை வடிக்காமல் வலை போட்டுப் பிடித்துவிடலாம். இந்த வைரஸ் மனிதரைத் தொடாது. பிறகு குளத்து நீருக்குக் குளோரின் போட்டு நிறுத்தி வைத்துத்தான் திறக்க வேண்டும். உலக விலங்கு நல அமைப்பின் பட்டியலில் உள்ள நோய் இது, அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கடமை. பக்கத்துப் பண்ணைக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நம் குளத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மறைத்து ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிடுகிறவர்களால்தான் ஒரு கால்வாயே நோய்க் கால்வாயாகிறது. அப்படி வெளியே போன வைரஸ் என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள்: 2016 கடைசியில் குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றுப் பண்ணைகளில் நோய் வந்ததும் குளங்களை முழுதாக அழித்துச் சுத்தம் செய்தார்கள். ஆனால் அருகிலுள்ள மோர்ட்டன் விரிகுடாவின் காட்டு இறாலிலும் நண்டிலும் வைரஸ் தெரிந்தது, 2020-ல் பண்ணைகளில் திரும்பவும் கண்டார்கள்.

கடைசியாக நண்டு. இப்போதைக்கு வேண்டாம் என்பேன். சேற்று நண்டு அதே வைரஸைத் தாங்கும், பெரும்பாலும் சாகாமல் வைத்திருக்கும். இறாலுக்குத் திரும்பும் நாளில் உங்கள் குளத்திலேயே ஒரு கிடங்கு தயாராக இருக்கும். நண்டுக்கென்றே ரியோ வைரஸும் உண்டு. ஒரு கல்ச்சரை மாற்றிப் பார்க்க நினைத்தால் மீன் விடுங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வராது, குளத்தில் மிஞ்சியிருக்கும் சிறு ஓட்டுயிரிகளையும் தின்று தீர்க்கும். கொடுவாயோ திலேப்பியாவோ, உங்கள் தண்ணீரின் உவர்ப்புக்கு எது ஒத்துவரும் என்பதைப் பொறுத்தது. மூன்று குளங்களின் உவர்ப்பு அளவையும், செத்த குளம் மற்ற இரண்டோடு ஒரே வாய்க்காலில் இருக்கிறதா என்பதையும் எழுதினால், எந்தக் குளத்தில் மீன், எதில் இறால் என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.